2010 ஆம் ஆண்டு ஐந்து ரூபாய் நாணயம் வெள்ளி நிறத்தில் உள்ளது: அச்சுப்பிழையா, முலாமா?

மளிகைக்கடை மாறன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கடைக் கல்லாவில் சேரும் சில்லறையைப் பிரித்து அடுக்கும்போது, மஞ்சள் நிற ஐந்து ரூபாய் நாணயங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் வெள்ளியைப் போல வெளுத்துத் தெரிந்தது. ஆண்டு 2010. ஆண்டுக்குக் கீழே சிறிய வைர வடிவக் குறி இருப்பதால் மும்பை நாணயச் சாலையில் அச்சானது என்று எடுத்துக்கொள்கிறேன். எழுத்துகளும் சிங்க முகங்களும் சாதாரண நாணயத்தில் உள்ளவாறே இருக்கின்றன. அளவிலும் வேறுபாடு தெரியவில்லை. நிறம் மட்டுமே வேறு. இரு பக்கங்களும் ஒரே சீராக வெளுத்திருக்கின்றன, விளிம்பும் அப்படித்தான். தவறான உலோகத்தில் அச்சடிக்கப்பட்ட நாணயமாக இது இருக்க வாய்ப்பு உண்டா? எதையும் தேய்க்கவோ கழுவவோ இல்லை.

நெல்லைச் சேகரிப்பாளர் எழுதியது:

வாய்ப்பு நிச்சயமாக உண்டு என்பது என் கருத்து. ஐந்து ரூபாய் நாணயம் 2007, 2008 ஆகிய ஆண்டுகளில் துருப்பிடிக்காத எஃகில்தான், அதாவது நாம் எவர்சில்வர் என்று சொல்லும் உலோகத்தில்தான் வெளிவந்தது. 2009 முதல் நிக்கல் கலந்த பித்தளைக்கு மாறினார்கள். அவ்வாறு உலோகம் மாறும் காலங்களில், அச்சடிக்கப்படாத வெற்று உலோகத் தட்டுகளான பழைய வில்லைகள் சில தொட்டியின் மூலையிலோ இயந்திரத்தின் வாயிலோ தங்கியிருந்து பிற்பாடு புதிய அச்சில் விழுவது உலகெங்கும் நடந்திருக்கிறது. தங்கள் நாணயம் அப்படிப்பட்டதாக இருந்தால் மிக அரிய பொருள். விற்பதற்கு அவசரப்படாதீர்கள்.

காசுப்பெட்டி எழுதியது:

மாறன் அவர்களே, நாணயத்தைத் தேய்க்காமல் வைத்திருப்பதற்கு முதலில் நன்றி. இத்தகைய கேள்வியோடு வருகிறவர்களில் பலர், வருவதற்கு முன்பே பற்பசையோ சாம்பலோ போட்டுத் தேய்த்துவிட்டு, ஆராய்வதற்கான சான்றுகளையும் சேர்த்து அழித்துவிடுகிறார்கள்.

நெல்லை நண்பர் சொன்ன வழி உண்மையிலேயே உள்ள வழிதான். ஆனால் நிறத்தை மட்டும் வைத்து அந்த முடிவுக்குப் போக முடியாது, ஏனென்றால் ஒரு நாணயத்தின் தன்மைகளிலேயே நாணயச் சாலையை விட்டு வெளியே வந்த பிறகு மிக எளிதாக மாற்றக்கூடியது அதன் நிறம்தான். எடையை மாற்றுவது கடினம்; உள்ளே இருக்கும் உலோகத்தை மாற்றவே முடியாது. ஆகவே, "இது என்ன நிறம்" என்பதை ஒதுக்கிவிட்டு, "அந்த ஆண்டில், இந்த அச்சுக்குள் விழக்கூடிய வெள்ளை நிற வில்லைகள் எவை" என்று கேட்டுப் பார்ப்போம்.

2010 ஐந்து ரூபாயின் விட்டம் 23 மில்லிமீட்டர். அச்சடிக்கும்போது வில்லையைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அதற்குள் அடங்காத வில்லை சரியாக அமராது. அக்காலத்து ஒரு ரூபாய் எஃகு வில்லையின் விட்டம் 25 மில்லிமீட்டர், இரண்டு ரூபாய் வில்லை அதைவிடப் பெரியது, எனவே இரண்டையும் தள்ளிவிடலாம். ஐம்பது காசு எஃகு வில்லை 22 மில்லிமீட்டர், 3.79 கிராம், அது உள்ளே விழும், ஆனால் எடையிலேயே காட்டிக்கொடுத்துவிடும், விளிம்பும் முழுமையாக எழாது. 1992 முதல் வந்த பழைய செப்பு-நிக்கல் ஐந்து ரூபாயும் 23 மில்லிமீட்டர்தான், ஆனால் அது 9 கிராம். கையில் எடுத்தாலே வேறுபாடு தெரியும். எஞ்சி நிற்பது 2007, 2008 ஆண்டுகளின் எஃகு வில்லை ஒன்றுதான்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அந்த எஃகு நாணயமும் 6 கிராம், 2010 இன் மஞ்சள் நாணயமும் 6 கிராம்; விட்டமும் ஒன்றே. எனவே மற்ற பிழை நாணயங்களுக்கு முதல் சோதனையாக நாம் சொல்லும் எடை, இந்த ஒரு நாணயத்துக்கு மட்டும் விடை தராது. இங்கே முதலில் கேட்க வேண்டியது காந்தத்திடம். நமது எஃகு நாணயங்கள் 83 விழுக்காடு இரும்பும் 17 விழுக்காடு குரோமியமும் கொண்டவை; காந்தத்தில் பட்டென்று ஒட்டும். நிக்கல் பித்தளை ஒட்டாது. ஒரு நல்ல காந்தத்தை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். ஒட்டுகிறதா என்பதோடு எவ்வளவு வலுவாக ஒட்டுகிறது என்பதையும் எழுதுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எஃகு ஒரு ரூபாயையும் ஒரு சாதாரண மஞ்சள் ஐந்து ரூபாயையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு, விளிம்பின் தடிமனையும் அளந்து சொல்லுங்கள். எஃகு பித்தளையைவிட அடர்த்தி குறைந்தது; எடையும் விட்டமும் ஒன்றாக இருக்கும்போது எஃகு நாணயம் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூடுதல் தடிமனாகத்தான் இருக்க முடியும்.

மளிகைக்கடை மாறன் எழுதியது:

விரிவான விளக்கத்துக்கு நன்றி ஐயா. பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த வலுவான காந்தம் ஒன்று கிடைத்தது. எஃகு ஒரு ரூபாய் அதில் துள்ளி ஒட்டுகிறது. சாதாரண மஞ்சள் ஐந்து ரூபாயில் எந்த அசைவும் இல்லை. இந்த வெள்ளை நாணயம் காந்தத்தில் தூக்கினால் வரவில்லை, ஆனால் நூலில் கட்டித் தொங்கவிட்டுக் காந்தத்தை மெல்ல அருகில் கொண்டுபோனால், தெளிவாகவே காந்தத்தை நோக்கிச் சாய்கிறது.

நகை எடை போடும் சிறிய மின்னணுத் தராசில் 6.03 கிராம். பக்கத்தில் வைத்த மஞ்சள் நாணயம் 5.98. தடிமனில் இரண்டுக்கும் இடையே அளவுகோலில் பிடிபடும் வேறுபாடு இல்லை.

நெல்லைச் சேகரிப்பாளர் எழுதியது:

சாய்கிறது என்றாலே உள்ளே ஏதோ காந்தத் தன்மை கொண்ட உலோகம் இருக்கிறது என்றுதானே பொருள்? சாதாரண நாணயம் அசையவே இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார். உலோகக் கலவை சரியாகக் கலக்காத ஒரு வார்ப்பிலிருந்து வந்த வில்லையாகவும் இருக்கலாம் அல்லவா? சந்தேகத்தைத் தீர்க்க ஒரே வழி, தங்கத்தின் தரம் பார்க்கும் ஊடுகதிர் இயந்திரத்தில் வைத்துப் பார்ப்பதுதான். பெரும்பாலான ஊர்களில் நகைக்கடை வீதியில் அந்த வசதி இருக்கிறது.

உலோகவியல் ஆசிரியர் எழுதியது:

நான் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் உலோகவியல் கற்பிக்கிறேன், நாணயச் சேகரிப்பில் பழக்கம் குறைவு. எனவே உலோகத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மெல்லிய ஈர்ப்புக்கு உரிய விளக்கம் நிக்கல். இரும்பைப் போலவே நிக்கலும் அறை வெப்பநிலையில் காந்தத்தால் ஈர்க்கப்படும் உலோகம். ஆனால் அதைச் செம்போடு கலந்துவிட்டால் அந்தத் தன்மை போய்விடும். அதனால்தான் 25 விழுக்காடு நிக்கல் உள்ள பழைய செப்பு-நிக்கல் நாணயங்கள்கூடக் காந்தத்தில் ஒட்டுவதில்லை. நமது மஞ்சள் ஐந்து ரூபாயில் செம்பு 75, துத்தநாகம் 20, நிக்கல் 5 விழுக்காடு; அந்த 5 விழுக்காடு கலவைக்குள் கரைந்து கிடப்பதால் காந்தம் அதை உணராது. ஆகவே, ஒரு நாணயம் ஒட்டாமல் மெல்லச் சாய்கிறது என்றால், கலவைக்குள் கரையாத தனி நிக்கல் எங்கோ மெல்லிய படலமாக இருக்கிறது என்பதே முதலில் தோன்ற வேண்டிய எண்ணம். முழு எஃகு வில்லையாக இருந்தால் சாய்வதோடு நின்றிருக்காது.

ஊடுகதிர்ச் சோதனையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அந்த இயந்திரம் நாணயத்தின் உள்ளே ஊடுருவி முழு உலோகத்தையும் படிப்பதில்லை. மேற்பரப்பிலிருந்து மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு ஆழத்தை மட்டுமே படிக்கிறது. மேலே படலம் இருந்தால், படலமும் அடியில் உள்ளதும் கலந்த ஒரு விடையைத்தான் தரும். அந்த விடையில் நிக்கல் மிகுதியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, அறியப்படாத புதிய கலவையில் அச்சான நாணயம் என்று நம்புகிறவர்கள் உண்டு. அச்சிட்ட தாளில் எண்கள் துல்லியமாக இருப்பதால் அந்த நம்பிக்கை மேலும் உறுதிப்படுகிறது. எண் சரியாகவே இருக்கும். அது எந்த ஆழத்தைப் பற்றிய எண் என்பதுதான் கேள்வி.

முழு நாணயத்தையும் ஒரே கேள்வியில் பிடிக்க அடர்த்தியைப் பாருங்கள். மாறன் அவர்களிடம் நூறில் ஒரு கிராம் வரை காட்டும் தராசு இருக்கிறது, அது போதும். ஒரு சிறிய குவளையில் நீர் வைத்துத் தராசின் மேல் வையுங்கள். தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, குவளையின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் நீருக்குள் முழுவதும் மூழ்கும்படி கையிலிருந்தோ ஒரு தாங்கியிலிருந்தோ தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் எண், நாணயம் விலக்கிய நீரின் எடை. அதாவது கன சென்டிமீட்டரில் நாணயத்தின் பருமன். ஆறு கிராம் எஃகாக இருந்தால் ஏறக்குறைய 0.78 காட்டும். நிக்கல் பித்தளையாக இருந்தால் 0.70 அல்லது 0.71 காட்டும். குமிழ்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் எண் ஏறிவிடும், எனவே நூலை லேசாகத் தட்டிக் குமிழ்களை அகற்றிவிட்டுப் படியுங்கள். நாணயத்துக்கு இதனால் எந்தத் தீங்கும் வராது. பிறகு மென்மையான துணியால் தேய்க்காமல் ஒற்றி உலர்த்தினால் போதும்.

கோவை முலாம்பட்டறை எழுதியது:

இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தபோது எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் முலாம் பூசும் தொழிலில் இருக்கிறேன். பித்தளை நிக்கல் முலாமுக்கு மிகவும் இணக்கமான உலோகம். குழாய்த் திருகுகள், பூட்டுச் சாவிகள், கதவுக் கைப்பிடிகள் எல்லாம் அப்படித்தான் வெள்ளை நிறம் பெறுகின்றன. தொட்டியில் கரைசல் புதிதாகக் கலந்த அன்றோ மின்னோட்டத்தைச் சரிபார்க்கும்போதோ, கையில் கிடைக்கும் பித்தளைத் துண்டை மாதிரிக்காக முக்கிப் பார்ப்பது வழக்கம். மஞ்சள் ஐந்து ரூபாய் வந்த பிறகு சில பட்டறைகளில் அந்த மாதிரித் துண்டாக நாணயத்தையே முக்குவதைப் பார்த்திருக்கிறேன். பிறகு அது தேநீர்க் கடைக்குப் போய்விடும். அப்படிச் செய்வது தவறு என்பதை எங்கள் பட்டறையில் வேலைக்குச் சேருகிறவர்களிடம் சொல்லியே வைத்திருக்கிறேன். நாணயத்தை உருக்குவதையும் அழிப்பதையும் 2011 ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் கடுமையான தண்டனைக்குரிய குற்றமாகவே வைத்திருக்கிறது, விளையாட்டுக்காகக்கூட நாணயத்தின் மேல் கை வைக்காமல் இருப்பதே நல்லது.

மாறன் அவர்கள் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். முலாம் எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் படியாது. மின்னோட்டம் கூர்மையான ஓரங்களை நாடும், அதனால் விளிம்பின் வரிகளின் முகட்டில் கனமாகவும், வரிகளின் பள்ளத்திலும் எழுத்துகளின் அடியோரத்திலும் மெல்லியதாகவும் படியும். உருப்பெருக்கியில் பார்த்தால் அந்தப் பள்ளங்களில் மஞ்சள் எட்டிப் பார்க்கும். நாணயம் புழங்கித் தேய்ந்திருந்தால், மேடான இடங்களிலும் மஞ்சள் தெரியத் தொடங்கும். கம்பியில் கட்டியோ கொக்கியில் மாட்டியோ தொட்டியில் இறக்கியிருப்பார்கள்; கம்பி தொட்ட இடத்தில் ஒரு புள்ளியோ சிறு கோடோ முலாம் பிடிக்காமல் இருக்கும், பெரும்பாலும் விளிம்பில் எதிரெதிராக இரண்டு இடங்களில்.

வெள்ளை நிறத்துக்கு இன்னொரு காரணம் பாதரசம். உடைந்த வெப்பமானியிலிருந்து சிந்திய பாதரசத்தைச் செம்பு கலந்த நாணயத்தில் தேய்த்தால் நொடியில் வெள்ளியாகிவிடும். ஆனால் அது காந்தத்துக்குச் சாயாது, விரலில் வழுக்கும், நாளடைவில் மங்கிச் சாம்பல் நிறமாகும். அப்படிப்பட்ட நாணயம் என்று தோன்றினால் கையால் தொட்டுக்கொண்டே இருக்காதீர்கள், எக்காரணம் கொண்டும் நெருப்பில் காட்டாதீர்கள். அந்த ஆவி நஞ்சு.

தாமிரபரணித் தமிழ்ச்செல்வி எழுதியது:

இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள், என் கேள்வியும் இதே நாணயத்தைப் பற்றியது என்பதால் தனி இழை தொடங்கவில்லை. என்னிடம் உள்ள 2010 ஐந்து ரூபாய் வெள்ளையாக இல்லை, செம்பைப் போல இளஞ்சிவப்பாக இருக்கிறது. ஆற்றங்கரையில் மணலுக்குள் கிடந்தது. எடை 5.81 கிராம். காந்தத்தில் எந்த ஈர்ப்பும் இல்லை. செம்பு வில்லையில் அச்சாகியிருக்குமா?

காசுப்பெட்டி எழுதியது:

அம்மா, ஆற்றங்கரை மணல் என்று எழுதியதே பாதி விடையைத் தந்துவிட்டது. பித்தளையில் உள்ள துத்தநாகம் செம்பைவிட எளிதில் கரையக்கூடியது. ஈரமண்ணிலும் நீரிலும் புளித்த பொருள்களிலும் நெடுநாள் கிடக்கும் பித்தளையின் மேற்பரப்பிலிருந்து துத்தநாகம் மட்டும் கழன்று போக, செம்பு தங்கிவிடும். புளி போட்டுத் துலக்கிய பித்தளைக் குத்துவிளக்கு முதலில் சற்று இளஞ்சிவப்பாகத் தெரிவதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். காரணம் ஏறக்குறைய இதுதான். தங்கள் நாணயத்தின் எடை குறைந்திருப்பதும் இதோடு பொருந்துகிறது. மேற்பரப்பு சொரசொரப்பாகவும் நுண்துளைகளோடும் இருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். அப்படி இருந்தால் அது மண்ணின் வேலை.

நாணயச் சாலைக்குள்ளேயே நிறம் மாறுவதும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறம் மாறிய நாணயம் எல்லாமே வெளியில் கெட்டது என்று முடிவு கட்டுவதும் நியாயமல்ல. தகட்டிலிருந்து வெட்டிய வில்லைகளை அச்சடிக்கும் முன் உலையில் சூடாக்கி மென்மைப்படுத்துவார்கள். உலைக்குள் காற்று புகுந்தாலோ, வேறு உலோகத்தின் தூள் ஒட்டியிருந்தாலோ, வில்லையின் மேற்பரப்பு கருத்தோ சிவந்தோ போகும். பிறகு அமிலத்தில் கழுவும்போது அது முழுவதும் போகாவிட்டால் அந்த நிறத்தோடேயே அச்சுக்குள் போய்விடும். இது உண்மையான தயாரிப்புக் குறை.

இரண்டையும் பிரித்தறிய நான் நம்புவது பளபளப்பை. அச்சு அடிக்கும் விசையில் உலோகம் நடுவிலிருந்து ஓரம் நோக்கி நகரும்போது மிக நுண்ணிய ஓட்டக் கோடுகள் விழும். புதிய நாணயத்தை விளக்கடியில் சாய்த்துச் சுழற்றினால் ஒளி சக்கரம் போலச் சுற்றி வருவது அதனால்தான். நிறம் அச்சடிப்புக்கு முன்பே வந்திருந்தால், அந்தக் கோடுகள் நிறத்தின் மேலேயே விழுந்திருக்கும். நிறம் பின்னால் வந்திருந்தால், அரிப்பு அந்தக் கோடுகளைத் தின்றிருக்கும், அல்லது முலாம் அவற்றை மூடியிருக்கும். ஆகவே எந்த நிறமாயினும் நான் முதலில் கேட்பது, இந்த நிறம் அச்சுக்கு முந்தியதா பிந்தியதா என்பதைத்தான். மணலில் கிடந்து தேய்ந்த நாணயத்தில் அந்தச் சான்று தங்காது.

இன்னொன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். இரண்டு நிறங்களுமே முறையாக வெளிவந்த நாணயங்களும் நம்மிடம் உண்டு. 1964 ஆம் ஆண்டின் ஒரு பைசா வெண்கலத்திலும் வந்தது, நிக்கல் பித்தளையிலும் வந்தது. ஆறாம் ஜார்ஜ் காலத்து அணா நாணயங்கள் போர்க்காலத்தில், 1942 முதல் 1945 வரை, மஞ்சளாக வந்து 1946 இல் மீண்டும் வெள்ளையாயின. பட்டியலைப் பார்க்காமல் இவற்றைப் பிழை நாணயங்கள் என்று விற்பவர்களையும் வாங்குபவர்களையும் கண்காட்சிகளில் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் வாங்குபவர் பெரும்பாலும் புதிதாகச் சேகரிக்கத் தொடங்கிய மாணவராக இருக்கிறார்.

மளிகைக்கடை மாறன் எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்னபடி நீரில் தொங்கவிட்டுப் பார்த்தேன். குமிழ்களை அகற்றிய பிறகு 0.71 காட்டுகிறது, மீண்டும் செய்தபோதும் அதேதான். மஞ்சள் நாணயத்தையும் அவ்வாறே செய்தேன், 0.70.

உருப்பெருக்கியில் விளிம்பைச் சுற்றிப் பார்த்ததில் வரிகளின் பள்ளங்களில் பல இடங்களில் மங்கிய மஞ்சள் தெரிகிறது. நடுச் சிங்கத்தின் பிடரி மேட்டிலும் அப்படி ஒரு சிறு திட்டு இருக்கிறது. விளிம்பில் ஓரிடத்தில் மூன்று வரிகளின் குறுக்கே மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று உள்ளது. அதற்கு நேர் எதிரே தேடினேன், அங்கே ஒரு புள்ளி இருக்கிறது.

தெரிந்த நகைக்கடையில் ஊடுகதிர் இயந்திரத்திலும் வைத்துக் காட்டினார்கள். நிக்கல் பாதிக்கும் மேல், மீதி செம்பும் துத்தநாகமும். இரும்பும் குரோமியமும் இல்லை.

உலோகவியல் ஆசிரியர் எழுதியது:

மிகச் சிறப்பாகச் செய்திருக்கிறீர்கள். 6.03 கிராமை 0.71 ஆல் வகுத்தால் 8.5 வருகிறது, நிக்கல் பித்தளைக்கு எதிர்பார்க்கும் அடர்த்தி அதுவே. எஃகாக இருந்தால் 7.7 அருகில் நின்றிருக்கும். பாதிக்கு மேல் நிக்கல் என்ற ஊடுகதிர் விடை உண்மையிலேயே முழு நாணயத்தின் கலவையாக இருந்தால் நாணயம் மஞ்சள் மேட்டையும் பள்ளத்தையும் காட்டியிருக்காது. இரும்பும் குரோமியமும் இல்லாததால் எஃகு வில்லை என்ற கருத்து முற்றிலும் நீங்குகிறது. சாதாரண வில்லையில் முறையாக அச்சாகி, பின்னர் நிக்கல் முலாம் பூசப்பட்ட நாணயம் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. எடையில் நூறில் சில கிராம் கூடுதலாக இருப்பதும் அத்தகைய படலத்தின் எடைக்குப் பொருத்தமானதே.

நெல்லைச் சேகரிப்பாளர் எழுதியது:

சான்றுகள் தெளிவாக உள்ளன, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். மஞ்சள் ஐந்து ரூபாய்க்கான அச்சில் எஃகு வில்லை விழுந்த நாணயம் கிடைக்கவே கிடைக்காது என்று இதிலிருந்து முடிவு செய்துவிடலாமா?

காசுப்பெட்டி எழுதியது:

கூடாது. அமெரிக்காவின் ஒரு சென்ட் நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் 1943 இல் அதைத் துத்தநாகம் பூசிய எஃகில் அச்சடித்தார்கள். முந்தைய ஆண்டின் வெண்கல வில்லைகள் சில தப்பி அந்த அச்சுக்குள் விழுந்தன. அடுத்த ஆண்டு வெண்கலத்துக்குத் திரும்பியபோது எஃகு வில்லைகள் சில 1944 இன் அச்சுக்குள் விழுந்தன. இரண்டும் உண்மையான பிழைகள், இரண்டுக்கும் உலகச் சந்தையில் பெரும் மதிப்பு உண்டு. அந்த மதிப்பே எஃகு நாணயத்துக்குச் செம்பு முலாம் பூசிய போலிகளையும் 1948 இன் எட்டைச் செதுக்கி மூன்றாக்கிய போலிகளையும் உருவாக்கியது. அங்கேயும் முதல் சோதனை காந்தம்தான்: செம்பு நிறத்தில் இருந்து காந்தத்தில் ஒட்டினால் முலாம். அடுத்தது எடை: எஃகு 2.7 கிராம், வெண்கலம் 3.11 கிராம். நமது ஐந்து ரூபாய்க்கு அந்த எடை வேறுபாடு என்னும் வசதி இல்லாததால்தான் அடர்த்தியைத் துணைக்கு அழைத்தோம்.

ஆகவே வெள்ளை ஐந்து ரூபாய் கிடைப்பவர்கள் தொடர்ந்து பாருங்கள். காந்தத்தில் துள்ளி ஒட்டி, நீரில் 0.78 காட்டி, சாதாரண நாணயத்தைவிடத் தடிமனாகவும் இருந்து, ஆண்டு 2009 அல்லது அதற்குப் பிந்தியதாக இருந்தால், அன்று நானே முதல் ஆளாக மகிழ்வேன். அப்போதும் விற்பனைக்கு இணையத்தில் வலை வீசுபவர்களிடம் போகாதீர்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிப் பழைய நாணயங்களுக்கு இலட்சக்கணக்கில் தருவதாகவும், அதற்குக் கட்டணமும் வரியும் முன்பணமாகக் கட்ட வேண்டும் என்றும் ஏமாற்றுகிறார்கள். அத்தகைய எந்த வேலையிலும் தாங்கள் ஈடுபடுவதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் பொதுமக்களுக்கு அறிவித்திருக்கிறது.

மளிகைக்கடை மாறன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. முலாமை நீக்கிப் பழைய நிறத்துக்குக் கொண்டுவர வழி உண்டா? அல்லது இப்படியே கல்லாவில் போட்டுவிடலாமா?

கோவை முலாம்பட்டறை எழுதியது:

நீக்க வேண்டாம். நிக்கலைக் கரைக்கும் கரைசல்கள் அடியில் உள்ள பித்தளையையும் தொட்டுவிடும், நாணயம் அம்மைத் தழும்பு போட்டது போல ஆகிவிடும். அந்தக் கரைசல்கள் வீட்டில் வைத்துக் கையாளும் பொருள்களும் அல்ல.

காசுப்பெட்டி எழுதியது:

கல்லாவிலும் போட வேண்டாம். மீண்டும் ஒருவர் கையில் சிக்கி அரிய பிழை நாணயம் என்று விலைபோகும். நெகிழி உறையில் இட்டு, "2010, மும்பை, நிக்கல் முலாம், 6.03 கிராம், அடர்த்தி 8.5" என்று சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். ஒரு எஃகு 2008, ஒரு மஞ்சள் 2010, அவற்றோடு இது என்று மூன்றையும் ஒன்றாக வைத்தால், புதிதாக வருகிறவர்களுக்குக் காந்தத்தையும் கையில் கொடுத்துக் காட்ட உதவும். தமிழ்ச்செல்வி அவர்கள் தம் நாணயத்தின் விளிம்பையும் மேற்பரப்பையும் உருப்பெருக்கியில் பார்த்தபின் இங்கேயே எழுதலாம். நீரில் பார்க்கும்போது நுண்துளைகளில் காற்று தங்கும், எனவே சிறிது நேரம் ஊறவிட்ட பிறகு எண்ணைப் படியுங்கள்.